நடுங்கும் கைக்கு ஏற்ற துவக்கு

எங்கள் கன்ரீனுக்கு வேலைக்கு வந்த முதல் நாளே அவள் இரண்டு கைகளிலும் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு, கண்ணை மூடியபடி தக்காளி அடைத்த தகர ரின்களை வெட்டிப் பார்த்தாள். அங்கே ரின் வெட்டுகிற கட்டர்கள் மூன்று இருந்தன. ஒன்று மின்சாரத்தில் ஓடுவது. மற்றது பெரிய பிடி வைத்த புதுக் கட்டர். மூன்றாவது மேசை லாச்சியின் அடியில் கிடந்த பழைய இரும்புக் கட்டர்.

"என்ன செய்யிறீர்?" என்று கேட்டேன்.

"கை வழுக்கேக்கை எது வெட்டுமெண்டு பாக்கிறன், அக்கா."

"கையைத் துடைச்சுப்போட்டு வெட்டினா எல்லாம் வெட்டும்."

"துடைக்க நேரம் கிடைச்சா எல்லாமே நல்ல சாமான்தானே."

பழைய இரும்புக் கட்டரைத் தன் மேசைக்கு மேலே ஒரு கொழுக்கியில் மாட்டினாள். ஒரு கிழமைக்குள் எல்லோரும் அதைத்தான் தேடி எடுத்தார்கள். பதினொரு வருடமாக அந்த லாச்சியைத் திறந்து மூடியவள் நான். அதற்குள் அப்படி ஒன்று கிடப்பது எனக்குத் தெரியும், ஆனால் அது நல்லது என்று தெரியாது. அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது.

கன்ரீன் ஒஸ்லோவில், கடலையும் பனிக்கட்டியையும் ஆராய்கிற ஒரு நிலையத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. நான் எல்லிங்ஸ்ருட்டில் நிலக்கீழ் ரயில் ஏறுவேன். அவள் வழியில் ட்வெய்ட்டாவில் ஏறுவாள். பக்கத்தில் இடம் இருந்தாலும் கதவோடுதான் நிற்பாள். ட்வெய்ட்டாவின் உயரமான கட்டடம் ஒன்றில் வீடு பார்க்கப் போனபோது, பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியால் ஏறிப் பார்த்தாளாம். நாலாம் மாடியில் மூச்சு வாங்கியது. மேலே காட்சி நல்லது என்று வீட்டுக்காரர் எவ்வளவோ சொல்லியும் நாலாம் மாடியையே எடுத்தாள். "லிப்ற் வேலை செய்யாம நிக்கிற நாளிலை காட்சியை வைச்சு என்ன செய்யிறது?" என்று என்னிடம் கேட்டாள்.

அவளுக்கு நோர்வேஜிய மொழி அதிகம் வராது. வந்து நாலு வருடம்தான். ஆனால் மூன்று வசனங்களைப் பாடமாக்கி வைத்திருந்தாள். என் முகவரி இது. இங்கே நெருப்புப் பிடித்துவிட்டது. மூச்சு விடுகிறார், ஆனால் பேச்சு இல்லை. இந்த மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்லுவாள். வணக்கம், நன்றி எல்லாம் அதற்குப் பிறகுதான் படித்தாள். மற்றப்படி அவளுக்கு ஏதாவது கேட்க வேண்டுமானால் என்னைத்தான் கூப்பிடுவாள். எனக்கும் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரைதான் படிப்பு. கூச்சத்தால் எனக்காக ஒரு கேள்வி கேட்கவே நாக்கு எழும்பாது. அவளுக்காகக் கேட்க மட்டும் எப்படியோ எழும்பியது.

கணவரைப் பற்றி ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்தபடி சொன்னாள். "அவர் பொம்பிளை பாக்க வரேக்கை நல்ல காய்ச்சல். கண்ணெல்லாம் சிவப்பு. அப்பவும் தண்ணி கொண்டுவந்து குடுத்த பெட்டைக்கு நன்றி சொன்னவர். அதுக்குப் பிறகு நான் ஒண்டும் விசாரிக்கேல்லை. சுகமா இருக்கேக்கை எல்லா ஆம்பிளையளும் நல்லவைதான்."

எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்குப் போய், என்னுடைய மனுசன் காய்ச்சலில் எப்படி இருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். யோசித்திருக்கக் கூடாது.

நிலையத்துக்குச் சொந்தமாகத் தூர வடக்கே, ஸ்வால்பார்ட் தீவில் ஒரு முகாம் இருந்தது. ஒவ்வொரு பங்குனியிலும் இருபது பேர் போய், ஏழு கிழமை கூடாரம் போட்டுப் பனிக்கட்டியை அளந்துவிட்டு வருவார்கள். அவர்களுக்குச் சமைக்க ஒரு ஆள் போகும். கன்ரீன் சுவரில் அந்த முகாமின் படம் ஒன்று தொங்கியது. வெள்ளை வெளி, சிவப்புக் கூடாரங்கள், முன்னால் தோளில் துவக்கும் கையில் அகப்பையுமாக ஒரு சமையல்காரர். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. பதினொரு வருடமும் துடைக்கும்போது அந்த ஆளின் முகத்தை மட்டும் துணியால் மறைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

அந்தச் சமையல்காரர் ஓய்வு பெற்றதும் எங்கள் பொறுப்பாளர் கிரேத்த, ஒரு காலை எல்லோரையும் கூப்பிட்டு, யாருக்குப் போக விருப்பம் என்று கேட்டார். நான் மூச்சை இழுத்தேன். அதற்குள் அவள் கையை உயர்த்திவிட்டாள். பிறகு என் கையும் உயர்ந்தது. பள்ளிக்கூடத்தில்கூட நான் கை உயர்த்தியதில்லை. எனக்குப் போக வேண்டும் என்பதைவிட, அவள் போகக் கூடாது என்பதுதான் கையைத் தூக்கியது என்று இப்போது தெரிகிறது.

வீட்டில் சொன்னபோது மனுசன் சோற்றில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. "உமக்கென்ன விசரே? கரடிக்குச் சமைக்கவோ போறீர்?"

கரடிதான் விஷயம். அந்தத் தீவில் ஊரை விட்டு வெளியே போகிறவர்கள் வெண்கரடியைத் தடுக்க ஏதாவது கொண்டுபோக வேண்டும். முகாமில் எல்லோருக்கும் துவக்குப் பழக்கம் வேண்டும். சமையல் ஆளுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக வேண்டும். ஏனென்றால் கரடி மோப்பம் பிடித்து முதலில் வருவது சமையல் கூடாரத்துக்கு. கிரேத்த எங்கள் இரண்டு பேரையும் ஆயுத வகுப்புக்கு அனுப்பினார். முடிவு அதற்குப் பிறகு.

வகுப்பில் எட்டுப் பேர். பயிற்சி கொடுத்தவர் ரூனார் என்ற உயரமான மனிதர், சிரிக்கவே மாட்டார். "இது கரடியைச் சுடுகிற வகுப்பு அல்ல. சுடாமல் வீட்டுக்கு வருகிற வகுப்பு. முதலில் விலகிப் போங்கள். பிறகு சத்தமும் வெளிச்சமுமாக வெடிக்கிற வெளிச்சக் குண்டை அடித்துத் துரத்துங்கள். துவக்கு எல்லாவற்றுக்கும் கடைசி" என்றார். பிறகு மேசையில் மூன்று துவக்குகளை வைத்தார்.

முதலாவது, ஒருமுறை சுட்டதும் அடுத்த ரவையைத் தானாக ஏற்றிக்கொள்வது. விசையை அமத்துவது மட்டும்தான் நம் வேலை. இரண்டாவது, தடித்த குழாய் உள்ள பம்ப் துவக்கு. ஒவ்வொரு வெடிக்கும் முன்பிடியை இழுத்துத் தள்ள வேண்டும். மூன்றாவது, பக்கத்தில் குமிழ் போட்ட ஒரு கைபிடி உள்ளது. அதை உயர்த்தி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, கீழே மடக்கினால்தான் ஒரு ரவை ஏறும். அடுத்த வெடிக்கு மறுபடி அதே நாலு வேலை. பார்க்க அருங்காட்சியகத்துச் சாமான் போல இருந்தது.

"ஒரு விளக்கமும் தரமாட்டேன். கரடி வருகிறது. எதை எடுப்பீர்கள்?" என்றார்.

நான் முதலாவதைக் காட்டினேன். நான் செய்ய வேண்டியதை அதுவே செய்துவிடும். கூச்சமுள்ள ஆளுக்கு அதைவிட என்ன வேண்டும்? அநேகம் பேர் என் பக்கம்தான். இரண்டு பேர் பம்ப். அவள் ஒன்றையும் காட்டவில்லை.

"அக்கா, இவரிட்டைக் கேளுங்கோ. இது மூண்டும் பழுதாகிப் பிழைக்கேக்கை எப்பிடிப் பிழைக்கும்?"

நான் மொழிபெயர்த்தேன். ரூனார் கதிரையை இழுத்துப்போட்டு அவளுக்கு முன்னால் உட்கார்ந்தார். முதலாவது துவக்குக்குள் பனி போனால், எண்ணெய் இறுகினால், ரவை பாதி வழியில் நிற்கும் என்றார். ஏன் நின்றது என்று அது சொல்லாது, நாம்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பம்ப் நல்ல சாமான்தான். ஆனால் பயந்த மனிதன் அதை முழுதாக இழுப்பதில்லை. பாதி இழுத்துத் தள்ளுவான், சுட்ட ரவையின் வெறும் கோது உள்ளேயே நிற்கும், அமத்தினால் டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வரும்.

"மூண்டாவது வெடிக்காட்டி?"

"அதே நாலு வேலையை இன்னொரு தரம் செய்ய வேண்டும். கெட்ட ரவை வெளியே விழும், புது ரவை உள்ளே போகும். யோசிக்கத் தேவையில்லை."

"தடிச்ச கையுறையோடையும் செய்யலாமோ?"

"செய்யலாம்."

"ஆனா ஆறுதலாத்தானே சுடும்?"

"ஆம். மூன்றிலும் அதுதான் மெதுவானது."

"அப்ப எனக்கு அது" என்றாள். கடையில் கத்தரிக்காயைக் காட்டுவது போலக் காட்டினாள்.

அந்தத் தீவில் அநேகம் பேர் தோளில் கொண்டு திரிவது அந்த மூன்றாவது வகைதான் என்று ரூனார் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "எல்லோரும் எது வேகம், எது பலம் என்றுதான் கேட்பார்கள். எப்படிப் பிழைக்கும் என்று இவர்தான் முதலில் கேட்டவர். அவருக்குச் சொல்லுங்கள்" என்றார். அதையும் நான்தான் அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டி வந்தது.

மாற்ற விரும்புகிறவர்கள் மாற்றலாம் என்றார். ஒவ்வொருவராக எழும்பி மூன்றாவதன் பக்கம் போனார்கள். எனக்கும் விளங்கியது. விளங்கியும் நான் முதலாவதிலேயே நின்றேன். அவள் காட்டியதை நானும் காட்டுவதா?

அடுத்த கிழமை கன்ரீன் குளிர் அறையில் நாலு கரண்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் சமையல் எண்ணெய், ஒன்றில் தையல் இயந்திர எண்ணெய், ஒன்றில் ரூனாரிடம் கேட்டு வாங்கிய துவக்கு எண்ணெய். நாலாவது வெறும் கரண்டி. மூக்கு விறைக்கிற அந்தக் குளிரில் எது எவ்வளவு இறுகுகிறது என்று பார்க்கிறாளாம். சாப்பிட வந்த ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, தங்களுக்குத் தெரிந்த எண்ணெய்களின் பெயரையும் சொல்லிவிட்டுப் போனார்கள். பதினொரு வருடத்தில் என்னிடம் அவர்கள் கேட்டது, மீன் இன்றைக்கு உண்டா என்பது மட்டும்தான்.

பின்னேரம் நான் நாலு கரண்டியையும் எடுத்துக் கழுவும் இயந்திரத்துக்குள் போட்டுவிட்டேன்.

"கரண்டியைக் கண்டனீங்களோ, அக்கா?"

"ஊத்தைக் கரண்டியெண்டு நினைச்சுக் கழுவிப்போட்டன்."

அவள் முகத்தில் கோபம் இல்லை. வேறு நாலு கரண்டியை எடுத்து மறுபடி ஊற்றி வைத்தாள். இரண்டு நாள் கழித்து முடிவு சொன்னாள். "வெறும் கரண்டிதான் நல்லம், அக்கா. உங்கட துவக்கிலை இருக்கிற எண்ணெயையும் நல்லாத் துடைச்சுப்போடுங்கோ. குளிருக்கை இருந்து எடுத்த சட்டி வேர்க்குமெல்லோ, துவக்கும் அப்பிடித்தானாம். வெளியிலை இருந்தா வெளியிலையே விடவேணும். உள்ளுக்குக் கொண்டுவந்தா வேர்த்து, பேந்து வெளியிலை போகேக்கை ஐசாப் போகும்."

ஓம் என்று தலையாட்டினேன். சோதனை நாளில் துவக்கு கைக்கு வந்தபோது துடைக்கவில்லை.

சோதனை நாள் நகரத்துக்கு வெளியே காட்டுக்குள் ஒரு சுடுதளத்தில் நடந்தது. மூச்சு விட்டால் இமையில் உறைகிற குளிர். முப்பது மீற்றரில் கரடி வரைந்த பலகை. முழங்காலில் இருந்து நாலு வெடி வைக்க வேண்டும். என் முறை முதலில் வந்தது. முதலாவது வெடி எங்கேயோ போனது.  போருக்குத் தப்பி ஊரை விட்டு வந்து முப்பது வருடமாக நான் கேட்காத சத்தம். இரண்டாவதுக்கு அமத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய் இறுகி, ரவை பாதி ஏறி நின்றிருந்தது. அப்படியே இருந்துவிட்டேன். விரலை வெளியே எடுத்து, குழாயை முன்னால் நிலத்துக்குக் காட்டியபடி, கல் மாதிரி. ரூனார் வந்து துவக்கை வாங்கினார்.

பிறகு அவள் முழங்காலில் இருந்தாள். அவள் கையை யாரும் மறக்க மாட்டார்கள். கண் பலகையில் இருந்தது. கை தன்பாட்டில் உயர்த்தியது, இழுத்தது, தள்ளியது, மடக்கியது. அவசரம் இல்லை, நிற்கவும் இல்லை. நாலு வெடியும் கரடியின் நெஞ்சில், ஒரு தட்டத்தால் மூடலாம் போல.  ரூனார் அன்றைக்குத்தான் சிரித்தார்.

திரும்பும்போது, சோதனையைப் பார்க்க வந்திருந்த கிரேத்த எங்களைத் தன் காரில் கொண்டுவந்தார். அவளை ட்வெய்ட்டாவில் இறக்கினோம். எல்லிங்ஸ்ருட்டுக்கு இன்னும் கொஞ்சத் தூரம்.

"எவ்வளவு அமைதியான கை. முன்பு எங்காவது பழகியிருப்பாரோ?" என்று கிரேத்த கேட்டார். சும்மாதான் கேட்டார்.

"எனக்குத் தெரியாது. எங்கள் நாட்டில் நிறையப் பேர் துவக்குத் தூக்கியவர்கள்" என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எங்கள் ஆட்களுக்குள் ஒருவர் துவக்கைச் சரியாகப் பிடித்தால் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் மனதில் வரும். போர்க்காலத்தில் இயக்கத்தில் இருந்தாரோ? அதை ஒருவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. வெளியாருக்குச் சொல்வதும் இல்லை. அது எங்களுக்குள் எழுதாத சட்டம். சுடுதளத்தில் எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. கிரேத்தவுக்கு அதை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். கார் நின்றபோது அவர் எனக்கு இரவு வணக்கம் சொல்லவில்லை. ஏதோ யோசனையில் இருந்தார்.

அந்தக் கிழமையே, முகாமுக்குப் போக அவள் நிரப்பிக் கொடுத்த படிவத்தைக் கிரேத்த நிறுத்திவைத்தார். முன்பு ஆயுதப் பயிற்சி உண்டா என்ற கேள்விக்கு அவள் இல்லை என்று எழுதியிருந்தாள். கிரேத்த என்னைக் கூப்பிட்டு, நான் இன்னொருமுறை சோதனைக்குப் போகலாம், ரூனார் வேறு துவக்குத் தருவார் என்றார். அன்று பின்னேரம் நான் இரண்டு சோடி கம்பளிக் காலுறை வாங்கினேன். சந்தோசமாக இருந்தேன். அதை மறைக்க முடியாது.

திங்கட்கிழமை கிரேத்த அவளை அறைக்குக் கூப்பிட்டார். மொழிபெயர்க்க என்னையும் கூப்பிட்டார்.

"யாரோ சொன்னார்கள்" என்று தொடங்கினார் கிரேத்த. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. "நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் என் கையெழுத்துப் போகும் படிவம். முன்பு பழகியிருந்தால் பழகினேன் என்று எழுத வேண்டும்."

நான் தமிழில் சொன்னேன். ஆரோ சொன்னவையாம் என்ற இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது.

அவள் "ஆர்?" என்று கேட்கவில்லை. "ஒரு நிமிசம்" என்று வெளியே போய், தன் தோள்பையை எடுத்து வந்து, அதற்குள் இருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள். பலகையில் ஒரு நீளமான இரும்புத் தாழ்ப்பாள், ஊர்க் கதவுகளில் இருக்கிற மாதிரி, நாலு ஆணியால் பூட்டியிருந்தது. கைபிடியில் பூச்சு உரிந்து இரும்பு பளபளத்தது.

கையுறையை மாட்டிக்கொண்டு, கிரேத்தவின் கண்ணைப் பார்த்தபடி அதை உயர்த்தி, இழுத்து, தள்ளி, மடக்கினாள். பிறகு இன்னொரு தரம். இன்னொரு தரம்.

"சொல்லுங்கோ, அக்கா. ரூனார் துவக்கைக் காட்டின அண்டைக்கே எனக்கு இது தெரிஞ்ச வேலையெண்டு விளங்கினது. ஊரிலை சண்டை நேரம் ஷெல் விழேக்கை பங்கருக்குள்ளை ஒளிக்க ஓட, பின் கதவைத் திறக்கிறது என்ரை வேலை. எனக்கு அப்ப ஒன்பது வயது. எங்கட தாழ்ப்பாளை உயர்த்திப்போட்டு இழுக்கவேணும். அவசரத்திலை உயர்த்தாம இழுத்தா வராது. எனக்குப் பின்னாலை அஞ்சு பேர் நிப்பினம். ஒருக்கா நான் உயர்த்தாம இழுத்துப்போட்டன்."

நான் மொழிபெயர்த்தேன். அவள் தாழ்ப்பாளை உயர்த்தி இழுத்து, மறுபடி மடக்கினாள். 

"நான் துவக்குத் தூக்கினதில்லை. இஞ்சை கடையிலை இதை வாங்கிப் பலகையிலை பூட்டி, ஒவ்வொரு நாளும் இருநூறு தரம் செய்தனான். ரயிலிலையும் பைக்குள்ளை கையை விட்டுச் செய்தனான். அக்கா இருந்த பெட்டியிலை கதவோடை நிண்டுதான் செய்தனான், அவ கவனிக்கேல்லை."

அதையும் சொன்னேன். கிரேத்த பலகையைத் தன் பக்கம் திருப்பித் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அவசரத்தில் உயர்த்தாமல் இழுத்தார். வரவில்லை. கையை எடுத்துவிட்டு, "போவது நீங்கள்தான்" என்று அவளிடம் நேராகச் சொன்னார். அந்த அளவு நோர்வேஜியம் அவளுக்கு விளங்கியது.

எழும்பப் போனவள் மறுபடி இருந்தாள்.

"இன்னொண்டும் சொல்லுங்கோ, அக்கா. சமையல் கூடாரத்துக்கு ஒராள் காணாது, ரெண்டு பேர் வேணும். ஒராள் துவக்கைப் பிடிச்சா மற்ற ஆள் வெளிச்சக் குண்டு அடிக்கவேணும். உங்களையும் அனுப்பச் சொல்லுங்கோ. அண்டைக்கு அந்தத் துவக்கு நிண்டுபோன நேரம் நான் உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். நீங்கள் ஓடேல்லை. கண்டபாட்டுக்கு விசையை அமத்தவும் இல்லை. குழாயைக் கீழை காட்டிக்கொண்டு அப்பிடியே இருந்தனீங்கள். பயந்தா ஆள் எப்பிடியெண்டு நான் பாத்திட்டன். எனக்கு உங்களைப் போல ஆள்தான் வேணும்."

கிரேத்த என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

நான் வெட்கப்பட்ட இடத்தை அவள் நல்ல இடம் என்கிறாள். நான் கெடுக்கப் பார்த்த பயணத்துக்கு என்னையே கூப்பிடுகிறாள். இதை நான் என் வாயால் நோர்வேஜியத்தில் சொல்ல வேண்டும். சொன்னால் கிரேத்த ஓம் என்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பதினொரு வருடமாகத் துடைத்த படத்துக்குள் நான் போயிருப்பேன். ஆனால் அவள் தந்து நான் போவதா? அவளுடைய இரண்டாவது ஆளாக, அவளுடைய தயவில்? 

"இந்த உதவியை ஒருநாளும் மறக்க மாட்டேன் என்கிறார்" என்றேன்.

கிரேத்த சிரித்துக்கொண்டு, அதெல்லாம் வேண்டாம் என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். அவள் அந்தத் தலையாட்டலை மறுப்பாக எடுத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "பரவாயில்லை, அக்கா. கேட்டுப் பாத்தனாங்கள்தானே" என்று சொல்லிப் பலகையைப் பைக்குள் வைத்தாள்.

பங்குனியில் அவள் தனியாகப் போனாள். அந்த ஏழு கிழமையும் நான் இரண்டு பேரின் வேலையைச் செய்தேன். வைகாசியில் முகமெல்லாம் வெயிலிலும் பனியிலும் கறுத்து, கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளுத்துத் திரும்பி வந்தாள். ஆவணியில் கணவருக்கு ஸ்தவாங்கரில் வேலை கிடைத்துக் குடும்பமாகப் போய்விட்டார்கள். பிறகு நான் அவளைக் காணவில்லை. போவதற்கு முதல் கிழமை, கன்ரீனில் நாங்கள் இரண்டு பேரும் கரட் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் கரடியைப் பற்றிச் சொன்னாள். அதுவரை ஒருவருக்கும் விரிவாகச் சொல்லவில்லை.

"விடிய கஞ்சி வைச்சுக்கொண்டு நிண்டனான். எல்லாரும் பனிக்கட்டி அளக்கப் போயிட்டினம். கூட நிண்ட ஒராள் காய்ச்சலோடை படுத்திருந்தவர். கூடார வாசலாலை பாத்தா, கரடி. பேப்பர் மாதிரி வெள்ளையா இல்லை, அக்கா. மஞ்சள். பழைய வெண்ணெய் நிறம். அம்பது மீற்றர் வரும்."

"என்ன செய்தனீர்?"

"வெளியிலை மாட்டியிருந்த துவக்கை எடுத்து ரவை ஏத்தினனான். கை நல்லா நடுங்கினது. ஆனா ஏறினது. அது கிட்ட வந்துகொண்டிருக்கு. துவக்கைப் பிடிச்சபடி வெளிச்சக் குண்டு அடிக்கேலாது. ரெண்டு கை காணாது. கடைசியிலை துவக்கைப் பனியிலை வைச்சுப்போட்டு, வெளிச்சக் குண்டை எடுத்து அடிச்சனான். குண்டு அதுக்கு முன்னாலை விழுந்து வெடிச்சது. கரடி நிண்டு பாத்தது. நானும் வெறுங்கையோடை நிண்டு பாத்தனான். குனிஞ்சு துவக்கை எடுத்தா பாயுமோ எண்டு பயம். கஞ்சி அடிப்பிடிச்சு மணக்கிற அளவுக்கு நிண்டது. பேந்து திரும்பிப் போட்டுது."

எனக்கு அப்போதும் பொறாமைதான். கரடி அவளைப் பார்த்திருக்கிறது. என்னை ஒன்றும் பார்த்ததில்லை.

அவள் கத்தியைக் கீழே வைத்து, நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள்.

"அந்த நேரம் உங்களைத்தான் நினைச்சனான், அக்கா. கிரேத்த அண்டைக்கு ஓமெண்டிருந்தா நீங்கள் பக்கத்திலை நிண்டிருப்பீங்கள்."

"ஓம்" என்றேன். அவளுடைய பக்கத்தில் இருந்த கரட்டையும் என் பலகைக்கு இழுத்து வெட்டத் தொடங்கினேன்.